ஹுராக்கானா, 911 டர்போ எஸ்ஸா? கோவை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. கல்லூரி விடுதி அறையில் லம்போர்கினி படம் ஒட்டி வைத்திருந்தவன். இப்போது வாங்கும் நிலைமை வந்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2020 லம்போர்கினி ஹுராக்கான் ஈவோ, ஆல் வீல் டிரைவ், 7,400 கி.மீ. ஓடியது, டெல்லிப் பதிவு. மற்றது 2021 போர்ஷே 911 டர்போ எஸ், 16,000 கி.மீ., கேரளப் பதிவு, ஒரே ஓனர். ஹுராக்கான் 35 லட்சம் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே எஸ்யூவி இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு. மனைவிக்கு இடுப்பு வலி உண்டு. எங்கள் தெருவில் மூன்று வேகத்தடை. 9 வயது மகள், "கார் வந்ததும் மூணு பேரும் வால்பாறை போகலாம்பா" என்று இப்போதே நாள் குறித்துவிட்டாள். நண்பர்கள் போர்ஷே என்கிறார்கள், மனசு லம்போர்கினி என்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கார்களைத்தான் கவனித்தேன். இரண்டாம் முறை உங்கள் மகள் சொன்ன "மூணு பேரும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஹுராக்கானில் இரண்டே சீட். சீட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பையைச் சொருகலாம், அதற்கு அப்பால் சுவர், சுவருக்குப் பின்னால் எஞ்சின். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் இருபத்தைந்து வருட ஆசை கண் முன்னால் வந்து நிற்கும்போது, தெரிந்த விஷயம்கூட கணக்கில் வராமல் போய்விடும். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போர்ஷேவை எடுங்கள். காரணங்களை விவரமாகச் சொல்கிறேன். ஹுராக்கான் பக்கம் இருக்கும் நியாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கமும் நிறைய நியாயம் இருக்கிறது.

வேகக் கணக்கில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நூறு கி.மீ. வேகத்தைத் தொட டர்போ எஸ்ஸுக்கு 2.7 விநாடி, ஹுராக்கான் ஈவோவுக்கு 2.9 விநாடி. உச்ச வேகம் ஒன்றுக்கு 330 கி.மீ., இன்னொன்றுக்கு 325-க்குச் சற்று மேல். அவிநாசி சாலையில் இந்த வித்தியாசத்தை நீங்களோ நானோ உணரப் போவதில்லை. இரண்டும் நம் சாலைகள் தாங்குவதைவிட மூன்று மடங்கு வேகம் போகக்கூடியவை, அவ்வளவு தெரிந்தால் போதும்.

எஞ்சினைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹுராக்கானில் இருப்பது 5.2 லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின். டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, கிடையாது. நீங்கள் பம்ப் தொழிலில் இருப்பவர், உங்களுக்கு எளிதாகப் புரியும்: ஃபுட் வால்வு வழியாகத் தானே உறிஞ்சி எடுப்பதற்கும், பூஸ்டர் வைத்து அழுத்தித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இது. தானே உறிஞ்சும் எஞ்சினில் கால் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு அப்போதே கிடைக்கும், நடுவில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றை நிறைய இழுக்க வேண்டுமானால் நிறைய சுற்ற வேண்டும். அதனால்தான் இதன் 640 குதிரைத்திறன் முழுவதும் 8,000 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான்) கிடைக்கிறது. இழுவிசையின் உச்சமான 600 நியூட்டன் மீட்டரும் 6,500-ல்தான் வருகிறது.

6,000-ஐத் தாண்டும்போது அந்த எஞ்சின் எழுப்பும் ஓசையை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தலைக்கு ஒரு முழம் பின்னால் பத்து சிலிண்டர்கள் ஒரே குரலில் ஏறிக்கொண்டே போகும். கார்களைச் சோதித்துச் சொல்லும் இந்த வேலையில் எத்தனையோ வருடம் இருந்தும், ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு சிலிர்க்கிறது. ஹுராக்கான் தயாரிப்பு 2024-ல் நின்றுவிட்டது. இதே குடும்பத்து எஞ்சினோடு வந்த ஆடி ஆர்8-ம் அதே ஆண்டு நின்றது. ஹுராக்கானுக்கு அடுத்து வந்திருக்கும் டெமராரியோ 4 லிட்டர் எட்டு சிலிண்டர் டர்போ, கூடவே மின்மோட்டார்கள், 920 குதிரைத்திறன். சக்தியில் பெரியதுதான், ஆனால் அந்தப் பத்து சிலிண்டர் குரல் அதில் இல்லை. உங்கள் மனசு சொல்வது வெறும் சின்னப் பையன் ஆசை என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அருமையான ஒன்றைத்தான் நீங்கள் விரும்பியிருக்கிறீர்கள்.

சரி, அந்தக் குரலை நீங்கள் எங்கே கேட்பீர்கள்? இரண்டாவது கியரில் முழு ஆர்பிஎம் வரை போனாலே சாலையின் வேக வரம்பு தாண்டிவிடும். வால்பாறை மலைச்சாலையில் ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் தடுப்புச் சுவர் மேலேயே நிற்கும். எதிரே அரசுப் பேருந்து இறங்கும். வழியில் புலிகள் காப்பகம். அங்கே 25, 30 கி.மீ. வேகத்தில்தான் போக வேண்டும், போகவும் தகும். அந்த வேகத்தில் ஹுராக்கானின் எஞ்சின் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் அரைத் தூக்கத்தில் இருக்கும்.

டர்போ எஸ்ஸின் கதை வேறு. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்த வாக்கில் இருக்கும், இரண்டு டர்போ. 650 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், 800 நியூட்டன் மீட்டர் இழுவிசை 2,500 ஆர்பிஎம்மிலேயே வந்து 4,000 வரை குறையாமல் நிற்கிறது. நீங்கள் ஓட்டப்போகும் வேகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வளைவு முடிந்து நேர்ச்சாலை தெரிந்ததும் காலை லேசாக வைத்தால் போதும், பின்னாலிருந்து யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவது போல் இருக்கும். பழைய டர்போ கார்களில் கால் வைத்துக் காத்திருந்து, எதிர்பாராத நேரத்தில் சக்தி வந்து இடிக்கும். டர்போ சக்கரத்தின் சிறகுகள் வேகத்துக்கு ஏற்ப கோணம் மாறும் ஏற்பாட்டை 2006-ல் பெட்ரோல் எஞ்சினுக்குக் கொண்டுவந்து அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது போர்ஷேதான். குரல்? நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டர்போ வழியாக வருவதால் சற்றுப் போர்வை போர்த்திய குரல். இதில் ஹுராக்கானுக்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இதுவும் ஒரு வகையில் கடைசிக் காலத்துக் கார்தான். 2025-ல் வந்த புதிய டர்போ எஸ் ஹைப்ரிட் ஆகிவிட்டது, 711 குதிரைத்திறன். நீங்கள் பார்த்து வைத்திருப்பது மின்மோட்டார் சேராத கடைசித் தலைமுறை. ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்துகொண்டிருந்தவர், கார் கம்பெனியை ஆரம்பித்தது 1963-ல். முதல் 911 பிராங்பர்ட் கண்காட்சியில் நின்றதும் அதே 1963-ல்தான். பட்டறைக்காரரான உங்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும் என்று தோன்றியது.

இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். ஹுராக்கானின் உயரம் 1,165 மி.மீ. எழுந்து நின்றால் கூரை உங்கள் இடுப்புக்குச் சற்று மேலேதான் வரும். உள்ளே போக, ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, உடம்பை அப்படியே கீழே இறக்க வேண்டும். வெளியே வருவது இன்னும் கஷ்டம்: தரைக்குச் சற்று மேலே இருக்கும் சீட்டிலிருந்து, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், தொடை பலத்தில் எழ வேண்டும். இடுப்பு வலி இருப்பவர்களுக்கு இந்த ஒரு அசைவு போதும். 911 டர்போ எஸ்ஸின் உயரம் 1,303 மி.மீ. அதுவும் தாழ்வான கார்தான், ஆனால் அந்த 14 செ.மீ. ஏறி இறங்கும்போது நன்றாகவே தெரியும். சீட்டை முதுகுக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளவும் முடியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஈரோட்டுக்காரர் ஒருவருக்காக ஹுராக்கான் மாதிரி சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும் மிட் எஞ்சின் கார் ஒன்றை மூன்று மணி நேரம் சோதித்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், எல்லாம் சுத்தம். தாராளமாக எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் விற்க வேண்டும் என்று கூப்பிட்டார். ஓடியது 900 கி.மீ.கூட இல்லை. அவர் மனைவி ஒரே ஒரு முறைதான் அதில் ஏறியிருக்கிறார். கல்யாண மண்டப வாசலில் பட்டுப்புடவையோடு இறங்க முடியாமல், இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் வரவில்லை, தனியாகப் போக இவருக்கும் மனம் வரவில்லை. என் அறிக்கையில் காரைப் பற்றி எல்லாம் இருந்தது, அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வி இல்லை. அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். அன்று முதல் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

911-ன் பின் சீட் பெரியவர்களுக்கு ஆகாது. ஆனால் உங்கள் மகள் வயதுக்கு ஆகும். உங்கள் பின்னால் உட்கார வைக்காமல், மனைவியின் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள், அவர் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் கால் வைக்க இடம் கிடைக்கும். பூஸ்டர் சீட்டும் பெல்ட்டும் கட்டாயம். மூன்று, நான்கு வருடம் இப்படிப் போகலாம். அதற்கப்புறம் அவளே முன் சீட்டைக் கேட்பாள்.

அடுத்தது உங்கள் தெரு வேகத்தடை. விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இரண்டு காரும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் இருப்பதோ, ஒரு லோடு தார்க் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டி விட்டது. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் மூன்றையும் அளந்து வையுங்கள். காரின் மூக்கைத் தூக்கும் வசதி இரண்டு மாடலிலும் கிடைக்கும். போர்ஷேவில் அது ஆப்ஷன், எல்லா வண்டியிலும் இருக்காது. நீங்கள் பார்க்கும் காரில் அது இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள், இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பாருங்கள். இருந்தால் முன்பக்கம் சுமார் 40 மி.மீ. எழும்பும். வேகத்தடை இருக்கும் இடத்தை ஒரு முறை பதிந்து வைத்தால், அடுத்த முறை அங்கே வரும்போது ஜிபிஎஸ் பார்த்துத் தானாகவே எழும்பும் வசதியும் இதில் கிடைக்கும். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் மூன்று தடை தாண்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சர்வீஸ் தூரத்தையும் பாருங்கள். போர்ஷேவுக்குக் கொச்சி இருக்கிறது, பாலக்காடு வழியாக சுமார் 190 கி.மீ., காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு அங்கே. லம்போர்கினிக்குப் பெங்களூர், 360 கி.மீ. இரண்டு காரிலும் ஸ்டெப்னி கிடையாது. டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஃப்ளாட்பெட் வண்டிதான். எந்தக் காரை எடுத்தாலும், கொக்கி போட்டு இழுக்காமல் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு போகத் தெரிந்த ஒரு ஃப்ளாட்பெட்காரரின் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு எஞ்சினும் ஒரே மாதிரி. 98 ஆக்டேனுக்காகச் செய்யப்பட்டவை (ஆக்டேன் என்பது, அழுத்தத்தில் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு). நம் சாதாரண பெட்ரோல் அதைவிடக் குறைவு. குறைந்த ஆக்டேன் போட்டால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, தள்ளிப்போடும், சக்தி குறையும், சூடு ஏறும். 95-க்குக் கீழே போடவே வேண்டாம். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 போன்றவை குறிப்பிட்ட சில பெட்ரோல் பங்க்குகளில்தான் கிடைக்கும், தேடி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். வாரம் ஒரு நாள் ஓடும் காரில் டேங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்று எழுதியிருக்கும், வாங்கும் முன் அதைப் படியுங்கள். வீட்டில் நிற்கும் நாளெல்லாம் பேட்டரி சார்ஜரை மாட்டியே வைக்க வேண்டும்.

அந்த டெல்லிப் பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிமாநிலக் காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியே ஆக வேண்டும். அங்கே உள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 முதல் 20 சதவீத வரி. பழைய காருக்கு வயதுக்கு ஏற்பக் குறையும், ஆனால் மூன்று கோடிக் காரில் குறைந்த சதவீதம்கூட பெரிய தொகை. இது கேரளப் பதிவுக்கும் பொருந்தும். விற்பவர் சொல்லும் விலையோடு இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். அதே பதிவில் ஓட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடன் பாக்கி இருக்கிறதா, ஆர்சி புக்கில் வங்கிப் பெயர் நீக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி போர்ஷேவைப் பார்க்கப் போகும்போது. பளபளப்பைப் பார்க்க வேண்டாம், அதைப் பாலிஷ்காரர் அரை நாளில் கொண்டுவந்துவிடுவார். முன் பம்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கையில் சொரசொரப்பு தட்டினால் வேகத்தடை தேய்த்த தழும்பு. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, உடைந்து ஒட்டியிருந்தால் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழ்த்தட்டு முழுவதையும் கழற்றச் சொல்லுங்கள். முன் பம்பரின் இரண்டு ஓரத்து ஓட்டைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ரேடியேட்டர்கள் இருக்கின்றன, காய்ந்த இலையும் குப்பையும் அடைந்து ஈரத்தில் ஊறி அரித்திருக்கும். கேரள மழையில் ஓடிய காரில் இதை விட்டுவிடக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் சிறிய கட்டத்துக்குள் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஐந்து வயது தாண்டிய டயரோடு இந்த வேகக் காரை ஓட்ட வேண்டாம். போர்ஷேவுக்கென்று ஒப்புதல் பெற்ற டயரில் ஆங்கில 'என்' (N) எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். நான்கிலும் அது இருக்கிறதா பாருங்கள். ஒன்று வேறு, மூன்று வேறு என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிரேக் டிஸ்க்குகள் கார்பன் செராமிக். முன்னால் 420 மி.மீ. விட்டம், ஒரு நல்ல சாப்பாட்டுத் தாம்பாளம் அளவு. இவற்றின் தேய்மானத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, சர்வீஸ் சென்டரில் அதற்கான கருவி வைத்து அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்த டிஸ்க்குக்கே லட்சக்கணக்கில் செலவு வரும்.

அப்புறம் ஒரு எளிய கணக்கு. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் எஞ்சின் ஓடிய மணி நேரம் பதிவாகியிருக்கும். 16,000 கி.மீ.-ஐ அந்த மணிக்கணக்கால் வகுங்கள். 30, 40 என்று வந்தால் காரை ஒழுங்காக வெளியே ஓட்டியிருக்கிறார். 10 என்று வந்தால், நின்ற இடத்தில் உறுமவிட்டிருக்கிறார், அல்லது மீட்டரில் கை வைத்திருக்கிறார். ஹுராக்கானின் 7,400 கி.மீ.-ஐப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஆறு வருடத்தில் அவ்வளவுதான் என்றால் சீல்கள் காய்ந்திருக்கும், ஆயில் நின்றே பழையதாகியிருக்கும். ஓடிய கார் நின்ற காரைவிடப் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருக்கிறது.

லம்போர்கினி ஆசைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த எஞ்சினை 8,000 வரை விட்டுக் கேட்கத் தகுந்த இடம் பந்தயத் தளம்தான், அது உங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் இருக்கிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே. வசதியாக இருக்கும் நண்பர்களோடு ஒரு நாள் ஏற்பாடு செய்து, அப்படி ஒரு காரில் பக்கத்துச் சீட்டிலாவது உட்கார்ந்து நாலு சுற்று வாருங்கள். மகள் வளர்ந்து விடுதிக்குப் போன பிறகும் அந்த ஆசை இருந்தால், அன்று இரண்டு சீட் கார் உங்களுக்குப் பொருந்தும். அப்போது எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

இந்த வாரம் போர்ஷேவைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் சூடாக்கி வைக்க வேண்டாம், குளிர்ந்த நிலையில் நாங்களே ஸ்டார்ட் செய்கிறோம் என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் ஏறி, ஏசி போட்டு, ஒரு மோசமான சாலையாகப் பார்த்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும் நீங்கள் ஒன்றும் கேட்காமல், மனைவி எப்படி இறங்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.